கரை ஒதுங்கிய ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) ஆகியவற்றிலிருந்து நோய் மாதிரி எடுப்பது எப்படி? தமிழகக் கடலோரத்துக்கான வழிகாட்டி

கடல் பாலூட்டிகளின் தொற்றுநோயை ஆராய விரும்புகிறவர்களுக்குத் தமிழகத்தில் கிடைக்கும் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: இறந்து கரை ஒதுங்கிய உடல். அதுவும் நீண்ட நேரம் பயன்படாது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கு கம்பளி போலச் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கிறது. வெளித்தோல் பளபளவென்று இருக்கும்போதே ஈரலும் குடலும் கூழாகியிருக்கும். நம் வெயிலில் நல்ல மாதிரி கிடைப்பது இறந்த சில மணி நேரத்துக்குள்தான். செய்தி வந்தபின் அனுமதிக் கடிதத்தையோ ஐஸையோ தேடினால் அந்த நேரம் போய்விடும். இந்த வேலையில் தோற்பவர்களில் பலர் தோற்பது அறிவியலில் அல்ல, காகிதத்திலும் குளிர்ச்சியிலும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, கடற்கரைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை.

1. அனுமதி கையில் வரட்டும், கத்தி பிறகு

ஓங்கில், கடற்பன்றி, திமிங்கிலம், ஆவுளியா எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. இறந்து கிடந்தாலும் அந்த உடல் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. கிடைத்தவர் 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு துண்டுத் தோலையோ ஒரு பல்லையோ எடுத்து வைத்தால், ஆராய்ச்சிக்காக என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்களுக்கு வேண்டியவை இவை:

அ) 12ஆம் பிரிவின்படி ஆராய்ச்சி அனுமதி. விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. முதல் அட்டவணை விலங்கு என்பதால் மத்திய அரசின் முன் அனுமதியும் சேர்ந்தால்தான் அது செல்லும்.

ஆ) மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலோ வேறு சரணாலயத்திலோ கால் வைக்க வேண்டுமானால், நுழைவுக்குத் தனி அனுமதி. ஆராய்ச்சி அனுமதி இருந்தாலே உள்ளே போகலாம் என்று நினைத்துக் கரையில் திருப்பி அனுப்பப்படுவது புதியவர்களுக்கு வழக்கமாக நடப்பது.

இ) உயிருள்ள விலங்கைத் தொடுவதாக இருந்தால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இறந்த உடல் மட்டும் என்றாலும் குழுவிடமிருந்து ஒரு விலக்குக் கடிதம் வாங்கி வையுங்கள். ஆய்விதழ்கள் பிறகு கேட்கும்.

ஈ) வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ கூட்டாளியாக இருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல். மாதிரி நாடு தாண்டினால் சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) அனுமதியும் சேரும். பிரித்தெடுத்த டிஎன்ஏ கூட இதில் மாதிரிதான். முடிந்தவரை சோதனையை இந்தியாவிலேயே முடித்துவிடுங்கள், ஓராண்டு மிச்சமாகும்.

விண்ணப்பத்தின் வாசகத்தில் கவனம் வேண்டும். 'கடல் பாலூட்டிகள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். நம் கடலில் வரக்கூடிய ஒவ்வொரு இனத்தையும் அறிவியல் பெயரோடு பட்டியலிடுங்கள். திசு வகை, ஒவ்வொன்றின் கிராம் அளவு, எந்த ஆய்வகத்துக்குப் போகும், எங்கே சேமிக்கப்படும், இவ்வளவும் அதில் இருக்கட்டும். கடலோர மாவட்டங்கள் 14ஐயும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மாவட்டத்துக்கு மட்டும் வாங்கிவிட்டால் உடல் மூன்றாவதில்தான் ஒதுங்கும். காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில் இருப்பதால் அதற்குத் தனியாக எழுத வேண்டும். நாகைக்குத் தெற்கிலோ வடக்கிலோ வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

களப்பணி தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். புதுப்பிப்பதென்றால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அனுமதிக் கடிதத்தின் ஐந்து நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். கடற்கரையில் கேட்பவர் வனக்காப்பாளராகவும் இருக்கலாம், கடலோரக் காவல் நிலையக் காவலராகவும் இருக்கலாம்.

2. தகவல் உங்களுக்கு வரும்படி செய்யுங்கள்

உடலை முதலில் பார்ப்பவர் மீனவர். அடுத்துத் தெரிந்துகொள்பவர் வனச்சரக அலுவலகமோ கடலோரக் காவல் நிலையமோ. உடற்கூறாய்வுக்கு அழைக்கப்படுபவர் அந்தப் பகுதியின் அரசுக் கால்நடை மருத்துவர். இந்த மூவருக்கும் உங்கள் எண் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி வந்ததும் ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்துக்கும் நேரில் போய் நகல் கொடுங்கள், மின்னஞ்சல் போதாது. கால்நடை மருத்துவரிடம், 'உடற்கூறாய்வை நீங்கள் நடத்துங்கள், மாதிரி பிரிக்கும் வேலையை நாங்கள் பார்க்கிறோம்' என்று முன்பே பேசி வையுங்கள். தினமும் மாடும் ஆடும் பார்க்கிறவருக்கு ஓங்கிலின் உடலமைப்புப் படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால் இருவருக்கும் வேலை எளிது.

மீனவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: 'யார் வலையில் மாட்டியது?' வழக்கு வரும் என்ற பயத்தில்தான் பல உடல்கள் கல் கட்டிக் கடலிலேயே விடப்படுகின்றன. நீங்கள் விசாரணைக்கு வந்தவரல்ல, நோய் பார்க்க வந்தவர் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அடுத்த அழைப்பு வரும். வலைத் தழும்பு இருந்தால் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துறை பார்த்துக்கொள்ளும்.

3. பெட்டி எப்போதும் நிரம்பியிருக்கட்டும்

ஒரு விலங்குக்குச் சுமார் 15 உறுப்புகள். ஒவ்வொன்றிலும் 15 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 225 கிராம். ஃபார்மலின் திசுவைப் போலப் பத்து மடங்கு வேண்டும் என்பதால் இரண்டேகால் லிட்டர் செலவாகும். மூளைக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் கேன் ஒன்று வையுங்கள்.

10 சதவீத நடுநிலை ஃபார்மலினை நீங்களே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு: கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மி.லி., வாலை வடிநீர் 900 மி.லி., மோனோபேசிக் சோடியம் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைபேசிக் சோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். பாஸ்பேட் போடாமல் வெறும் தண்ணீரில் கலந்தால் திசுவில் கறுப்புப் படிகம் படிந்து, நுண்ணோக்கியில் பார்ப்பவர் குழம்புவார்.

வைரஸ் ஆர்என்ஏ கெடாமல் காக்கும் கரைசல்தான் பட்டியலில் விலை கூடியது. முதல் ஆண்டு நிதியில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். அதையும் ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். தண்ணீர் 935 மி.லி., 0.5 மோலார் ஈடிடிஏ 40 மி.லி., 1 மோலார் சோடியம் சிட்ரேட் 25 மி.லி., அம்மோனியம் சல்பேட் 700 கிராம். மிதமாகச் சூடாக்கிக் கலக்குங்கள். அம்மோனியம் சல்பேட் கரைய நேரமாகும். ஆறியபின் கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 5.2க்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள். குளிரில் அடியில் படிகம் தெரிந்தால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். லேசாகச் சூடாக்கினால் கரைந்துவிடும்.

பஞ்சுக்குச்சி வாங்கும்போது பாலியெஸ்டர் முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பருத்தி முனை, மரத்தண்டுக் குச்சிகள், கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும். மிச்சம்: வைரஸ் கடத்து ஊடகம், பாக்டீரியாவுக்கு ஏமிஸ் ஊடகம், 70 சதவீத எத்தனால், 2 மி.லி. குப்பிகள் நூறு, அகன்ற வாய் டப்பாக்கள், கத்தி அலகுகள், கைரம்பம், அளவு நாடா, தண்ணீர்ப் புகாத தாள், பென்சில். பென்சிலை மறந்துவிடாதீர்கள். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். பெயர்ச்சீட்டைத் தாளில் பென்சிலால் எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுங்கள், வெளியிலும் ஒன்று ஒட்டுங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் மாறிய அன்று எல்லாம் போயிற்று.

4. உங்கள் உடம்பு

புருசெல்லா செட்டி என்ற பாக்டீரியா ஓங்கில்களின் மூளை, இனப்பெருக்க உறுப்பு, நஞ்சுக்கொடியில் தங்குகிறது. கடல் பாலூட்டிகளின் புருசெல்லா மனிதருக்குத் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது. எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கையிலுள்ள சின்னக் கீறல் வழியே வரும். நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, நடுவில் வெட்டுப்படாத கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி, ஏப்ரன், கம்பூட். மின்ரம்பம் வேண்டாம். எலும்புத்தூளோடு கிருமியும் காற்றில் பறக்கும். கைரம்பத்தால், ஈரத்துணி போர்த்தி அறுங்கள். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் வெட்டும் இடத்தில் இருக்கவே வேண்டாம்.

வேலை முடிந்த சில வாரங்களில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவில் வியர்வை கண்டால் மருத்துவரிடம் புருசெல்லா என்ற பெயரை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்று நாட்கள் ஓடும். சீல்கள் வாழும் கடலோரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே கடிபட்டு விரல் வீங்கினால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பென்சிலின் அதற்குக் கேட்காது, டெட்ராசைக்ளின் வகை வேண்டும். 2024இல் தென்னாப்பிரிக்காவின் கேப் ஃபர் சீல்களில் வெறிநோய் உறுதியானபின், கடிக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

ஊதிப்போன பெரிய திமிங்கிலத்தில் ஒரே இழுப்பாகக் கத்தியை ஓட்டாதீர்கள். காற்று வரும் திசையில் நின்று, நீண்ட கத்தியால் சிறு துளையிட்டு வாயுவை வெளியேற்றிய பிறகே தொடங்குங்கள்.

5. கரையில் முதல் கால்மணி நேரம்

உயிர் இருந்தால் மாதிரி கிடையாது. நிழல் கட்டி, ஈரத்துணி போர்த்தி, வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, மூச்சுத்துளையில் தண்ணீரும் மணலும் போகாமல் பார்த்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுப்பவர்களை நிறுத்துங்கள்; முதுகெலும்பு விலகிவிடும்.

இறந்திருந்தால் சிதைவு நிலையைக் குறியுங்கள். உலகெங்கும் பயன்படும் எண்: 1 உயிருள்ளது, 2 புதிதாக இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 மிக அழுகியது, 5 உலர்ந்த தோலும் எலும்பும். எதை எடுப்பது என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும். இரண்டில் எல்லாம் எடுக்கலாம். மூன்றில் பிசிஆருக்குக் கிடைக்கும், நுண்ணோக்கிக்கு நுரையீரலும் தோலும் ஓரளவு தேறும், பாக்டீரியா வளர்ப்பு வீண். நான்கில் மூளை, நுரையீரல், தோல் மூன்றையும் பிசிஆருக்கு முயலலாம். ஐந்தில் இனமறியும் டிஎன்ஏ மட்டுமே. நான்காம் நிலை உடலில் முழுப் பட்டியலையும் எடுத்துப் பெட்டியை நிரப்புவது வீண்செலவு.

பிறகு படங்கள்: முழு உடல் இரு பக்கமும், தலை, பற்கள், துடுப்புகள், வயிற்றுப்புறம், ஒவ்வொரு புண்ணும் அளவுகோல் வைத்து. நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பள்ளம் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். நாடாவை உடல் வளைவின்மேல் ஓட்டினால் கணக்கு கூடிவிடும். ஓங்கிலில் இன உறுப்புத் துளைக்கும் மலத்துளைக்கும் இடைவெளி அதிகமென்றால் ஆண். இரண்டும் சேர்ந்து, இருபுறமும் சிறு முலைப்பிளவு தெரிந்தால் பெண்.

6. வெட்டும் வரிசை

வயிற்றைத் திறப்பதற்கு முன்பே பஞ்சுக்குச்சி வேலையை முடியுங்கள். மூச்சுத்துளை, மலக்குடல், இன உறுப்புத் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒன்று வைரஸ் ஊடகத்துக்கு, மற்றது ஏமிஸுக்கு. தோலில் வளையம் வளையமாகச் சாம்பல் தழும்பு இருந்தால் அம்மை வகை வைரஸாக இருக்கலாம். புண்ணும் நல்ல தோலும் சேரும் ஓரத்தில் வெட்டுங்கள். புண்ணின் நடுவில் செத்த திசுதான் கிடைக்கும்.

உடலைத் திறந்ததும் சுத்தமானவை முதலில்: நுரையீரல், அதன் ஓர நிணநீர்க்கணு, இதயம், மண்ணீரல், ஈரல், சிறுநீரகம், அட்ரினல், பிறகு இனப்பெருக்க உறுப்பு, பால்சுரப்பி. குடலும் குடல் நிணநீர்க்கணுவும் கடைசியில். குடலைத் தொட்ட கத்தி நுரையீரலைத் தொட்டால் அங்கே கிடைக்கும் எல்லா பாக்டீரியாவும் சந்தேகத்துக்குரியவை. ஆவுளியாவின் நுரையீரல் முதுகை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும். மார்புக்கூட்டில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள்.

ஒவ்வொரு உறுப்பும் மூன்று பங்கு. ஃபார்மலினுக்கு 1 செ.மீ.க்கு மேல் தடிமன் கூடாது. தடித்த துண்டின் நடுவுக்கு மருந்து போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். ஆர்என்ஏ கரைசலுக்கு ஒரு பக்கமாவது அரை செ.மீ.க்குள், கரைசல் ஐந்து முதல் பத்து மடங்கு. மூன்றாவது பங்கு வெறும் குப்பியில், உறைய வைக்க. பாக்டீரியா வளர்ப்புக்கென்றால் உறுப்பின் மேற்பரப்பைச் சூடாக்கிய தட்டகப்பையால் தீய்த்துவிட்டு உள்ளிருந்து எடுங்கள்.

மூளையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், மண்டையோட்டை அறுக்கப் பொறுமையில்லாமல். ஓங்கில் மார்பில்லி வைரஸுக்கும் புருசெல்லாவுக்கும் டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கும் மூளை இன்றியமையாதது. ஒருவர் உடலைப் பார்க்கும்போதே இன்னொருவர் தலையைத் தொடங்கட்டும். கழுத்து முதல் எலும்புக்கும் மண்டைக்கும் இடையே வெட்டும் முன், ஊசியால் தண்டுவட நீரை உறிஞ்சுங்கள்; தெளிந்த நீர் கிடைத்தால் பெரும்பேறு. தலையைப் பிரித்ததும் மண்டையின் பின்புறம் பெரிய துளை தெரியும். ரம்பமே இல்லாவிட்டாலும் அந்தத் துளை வழியாக நீண்ட கரண்டியால் மூளைத்தண்டையும் சிறுமூளையையும் கொஞ்சம் எடுத்துவிடலாம். மண்டையின் அடியிலுள்ள காற்றறைகளைத் திறந்து புழு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கிருந்து நாசிட்ரீமா தட்டைப்புழு மூளைக்குப் போய் விலங்கைத் திசை தவற வைக்கும். புழுக்கள் 70 சதவீத எத்தனாலில்.

7. குளிர்ச்சியும் பார்சலும்

ஐஸுக்கு நம் கடலோரத்தில் பஞ்சமில்லை. எந்த மீன்பிடித் துறையிலும் ஐஸ் கம்பெனி உண்டு. உடைத்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்தால் உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கம் போகும். உறைய வேண்டிய குப்பிகளை ஜிப் உறையில் போட்டு அதில் புதையுங்கள். உறையக் கூடாதவை இன்னொரு பெட்டியில், உப்பில்லாத ஐஸில்: ஏமிஸ் குச்சிகள், இரத்தம், ஆர்என்ஏ கரைசல் குப்பிகள். ஃபார்மலின் டப்பாவுக்கு ஐஸே வேண்டாம். அது உறைந்தால் செல்கள் கிழிந்து நுண்ணோக்கிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆர்என்ஏ கரைசல் குப்பிகள் ஓரிரவு 4 டிகிரியில் இருந்து, கரைசல் திசுவுக்குள் ஊறிய பிறகே உறைபெட்டிக்குப் போகலாம். நீண்ட நாள் வைக்க மைனஸ் 80. தானாகப் பனி நீக்கும் வீட்டு உறைபெட்டியை நம்பாதீர்கள். அது அடிக்கடி சூடேறி இறங்கும். மின்தடை உள்ள ஊரில் திரவ நைட்ரஜன் நல்ல துணை. சினை ஊசிக்காகக் கால்நடைத் துறை அதை வழக்கமாக வைத்திருக்கிறது. முறைப்படி கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அனுப்பும்போது மூன்று அடுக்கு: கசியாத குப்பி, உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாம் பை, கெட்டியான வெளிப்பெட்டி. வெளியே, உயிரியல் மாதிரி என்று காட்டும் யூஎன் 3373 குறி. உலர் பனிக்கட்டி வைத்தால் பெட்டியை டேப்பால் காற்றுப்புகாமல் ஒட்டவே கூடாது, உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு கிடங்கில் உருகும். திங்களோ செவ்வாயோ அனுப்புங்கள். மாதிரிப் பட்டியல், அனுமதி நகல், மகஜர் (சம்பவ இடத்தில் அதிகாரிகள் எழுதும் பதிவு) நகல் மூன்றும் பெட்டியோடு போகட்டும்.

8. ஆய்வகத்தில் என்ன கேட்பது

ஓங்கில் மார்பில்லிக்கென்று தனி ஆய்வகம் தேடி அலைய வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோயும் நாய்களின் டிஸ்டெம்பரும் அதே குடும்பத்து வைரஸ்கள். அவற்றைச் சோதிக்கும் கால்நடை ஆய்வகத்தில் எல்லா மார்பில்லிகளுக்கும் பொதுவான பி மரபணு பிசிஆர் செய்யலாம். வைரஸ் இருந்தால் பிசிஆர் பட்டை 429 கார இணை நீளத்தில் வரும். அந்த நோய்களின் தடுப்பூசி வைரஸையே நேர்க்கட்டுப்பாடாக, அதாவது சோதனை சரியாக ஓடுகிறதா என்று காட்டும் ஒப்பீட்டு மாதிரியாக, வைக்கலாம். ஆனால் அதனாலேயே ஒரு பொறியும் இருக்கிறது: மேசையில் சிந்திய தடுப்பூசி உங்கள் மாதிரியில் நேர்மறையாகத் தெரியும். நேர்மறை வந்தால் மரபணு வரிசையாக்கம் செய்து பார்க்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

புருசெல்லாவுக்கு ஐஎஸ்711 என்ற மரபணுத் துண்டைத் தேடும் பிசிஆர், டோக்ஸோபிளாஸ்மாவுக்கு பி1 மரபணு. புருசெல்லாவைச் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிரியல் பாதுகாப்பு மூன்றாம் நிலை வேண்டும். பறவைக் காய்ச்சல் எச்5என்1 சந்தேகம் வந்தால், உதாரணமாகக் கடற்பறவைகளும் சேர்ந்து இறந்து கிடந்தால், நீங்களாக எதையும் திறக்காமல் மாநிலக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மாதிரி அவர்கள் வழியாகப் போபால் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும்.

ஒவ்வொரு மாதிரியிலும் விலங்கின் சொந்த மரபணு ஒன்றைக் கட்டுப்பாடாக ஓட்டச் சொல்லுங்கள். அதுவே வரவில்லையென்றால் மாதிரி அழுகிவிட்டது. அப்போது அறிக்கையில் 'நோய் இல்லை' என்றல்ல, 'சோதனைக்குத் தகுதியில்லை' என்றுதான் எழுத வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போவதால், அழுகிய மாதிரிகளை வைத்து இந்தக் கடலில் நோயே இல்லை என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அதேபோலப் பிசிஆரில் கிருமி தெரிந்தாலே அது கொன்றதாகாது. நுண்ணோக்கியில் அந்த இடத்தில் அழற்சியும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு உறுப்பிலும் ஃபார்மலின் பங்கு.

9. கிளம்பும் முன்

மகஜரில் நீங்கள் எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. உடலைப் புதைக்கும் குழி ஓதம் ஏறும் எல்லைக்கு மேலே, நாய் தோண்டாத ஆழத்தில். பெரிய உடலுக்கு ஜேசிபி வேண்டும், அதை வனத்துறை ஏற்பாடு செய்யும். வாடகை யார் தருவது என்பதை முன்பே பேசிவிடுங்கள். கையுறை, அலகு, குச்சிகள் எதுவும் குழிக்குள் வேண்டாம். மருத்துவக் கழிவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். கம்பூட்டையும் கத்தியையும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிய பிறகே பிளீச்சிங் கரைசலில் போடுங்கள். இரத்தமும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் குளோரின் வேலை செய்யாது.

மறுநாள் ஃபார்மலினை மாற்றுங்கள். மூளை மட்டும் இரண்டு வாரம் ஊறட்டும். முடிவு வந்ததும், எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வனச்சரகத்துக்கும் அந்தக் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொன்ன மீனவருக்கும் கொடுங்கள். பிறகு செலவான குப்பிகளை எண்ணிப் பெட்டியை மறுபடி நிரப்பி வையுங்கள்.